சம்பளம் யார் கணக்குல? பெண்கள் விளையாட்டும் தொழிற்சாலை வாசலும்

இன்னைக்கு எபிசோட் கொஞ்சம் கணக்கு சம்பந்தப்பட்டது. பயப்படாதீங்க, கூட்டலும் வகுத்தலும் தெரிஞ்சா போதும்.

சென்னையில இருந்து பெங்களூரு ஹைவேயில போயிருக்கீங்கன்னா இருங்காட்டுக்கோட்டை, ஸ்ரீபெரும்புதூர் எல்லாம் தெரிஞ்சிருக்கும். அங்க இருந்து இடது பக்கம் திரும்பினா ஒரகடம். கார், டயர், லாரி, செல்போன்னு எல்லாமே செய்யுற பெல்ட். ஷிஃப்ட் மாறும் நேரத்துல அந்த ரோட்டுல வரிசையா கம்பெனி பஸ். செல்போன் கம்பெனி பஸ்ஸா இருந்தா உள்ள பெரும்பாலும் இளம்பெண்கள். 2024 ஆகஸ்டில் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்துல வல்லம் வடகாலில், ஃபாக்ஸ்கானில் வேலை செய்யும் பெண்களுக்காக தமிழக அரசு ஒரு விடுதியைத் திறந்தது. செலவு 706.5 கோடி ரூபாய். தங்கக் கூடியவர்கள் 18,720 பேர்.

18,720. ஒரு சின்ன ஸ்டேடியம் நிறையும். பல மாவட்டங்களில் இருந்து வந்த பெண்கள். ஸ்கூல்ல கபடி, வாலிபால், த்ரோபால் ஆடினவங்க அதுல கண்டிப்பா இருப்பாங்க. ப்ளஸ் டூ முடிஞ்சதும் விளையாட்டு நின்னுடுச்சு, வேலை ஆரம்பிச்சுடுச்சு. ஏன்னு கேட்டா பதில் ரொம்ப சிம்பிள். வேலைக்குப் போனா மாசாமாசம் அக்கவுண்ட்ல காசு ஏறும். விளையாட்டுல அது ஏறாது.

அதனால இன்னைக்குக் கேள்வி இதுதான்: விளையாடும் பெண்ணுக்குச் சம்பளம் யார் கணக்கில் இருந்து வருகிறது? அந்தக் கணக்கு எத்தனை வருஷம் தாங்கும்? இதோட வரலாற்றைத் தேடிப் போனா, அது ஆரம்பிக்கிறதே ஒரு தொழிற்சாலை வாசல்லதான்.

பிரஸ்டன், 1917

முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். ஆண்கள் போர்முனைக்குப் போய்விட்டார்கள். இங்கிலாந்தின் பிரஸ்டன் நகரில் 'டிக், கெர்' என்ற தொழிற்சாலையில் பெண்கள் போர்த் தளவாடங்கள் செய்துகொண்டிருந்தார்கள். உணவு இடைவேளையில் முற்றத்தில் பந்து உதைத்துப் பழகியவர்கள், 1917-ல் ஓர் அணியாகவே ஆகிவிட்டார்கள்.

மூன்றே வருஷத்தில் அந்த அணி எங்க போய் நின்னுச்சு தெரியுமா? 1920 டிசம்பர் 26, லிவர்பூலின் குடிசன் பார்க் மைதானம். உள்ளே 53,000 பேர். டிக்கெட் கிடைக்காமல் வெளியே இன்னும் பல ஆயிரம் பேர். பெண்கள் கால்பந்தைப் பார்க்க ஆள் வரமாட்டாங்கன்னு இன்னைக்கும் சொல்றவங்களுக்கு, நூறு வருஷம் முன்னாடியே பதில் சொன்ன கூட்டம் அது.

வசூல் எல்லாம் தர்ம காரியங்களுக்குப் போனது. ஆடிய பெண்களுக்குக் கிடைத்தது ஒரு மேட்சுக்கு 10 ஷில்லிங், அதுவும் வேலைக்குப் போகாத நேரத்துக்கு ஈடாக. சம்பளத்துக்கு அவர்கள் நம்பியிருந்தது தொழிற்சாலையைத்தான்.

அடுத்த வருஷமே, 1921 டிசம்பர் 5 அன்று, இங்கிலாந்து கால்பந்துச் சங்கம் தன் உறுப்பினர் கிளப்புகளின் மைதானங்களில் பெண்கள் ஆடத் தடை போட்டது. இரண்டு காரணம் சொன்னார்கள். ஒன்று, கால்பந்து பெண்களுக்கு ஏற்ற ஆட்டம் இல்லை. இதை எல்லோரும் அடிக்கடி சொல்வாங்க. இரண்டாவதை யாரும் பெருசா பேசறதில்ல: வசூலில் அளவுக்கு மீறிய பங்கு செலவுக்குப் போகிறது, தர்மத்துக்குப் போதுமான அளவு போகவில்லை.

அதாவது, மைதானம் நிரம்பி வழிந்தபோதும் கேட்கப்பட்ட கேள்வி, 'இந்தப் பெண்களுக்கு எதுக்குக் காசு?' என்பதுதான். அந்தத் தடை நீங்க சுமார் 50 வருஷம் ஆனது. டிக்கெட் வாங்க ஆள் இருந்தது, ஆடவும் ஆள் இருந்தது. ஆனா மைதானத்தின் சாவி வேற ஒருத்தர் கையில இருந்தது. கூட்டம் வந்தா மட்டும் போதாது, வருமானத்தின் மேல உரிமையும் வேணும். இதை மனசுல வெச்சுக்கோங்க.

ஒசாகா மில்லில் இருந்து ஒலிம்பிக்ஸ்

இப்போ ஜப்பான். ஒசாகா பக்கத்துல கைசூகா என்ற ஊர். அங்கே நிச்சிபோ என்ற நூற்பாலை. ஸ்ரீபெரும்புதூர் மாதிரியே வெளியூரில் இருந்து வந்த இளம்பெண்கள் வேலை செய்த இடம். 1950-களில் அந்த மில் ஒரு வாலிபால் அணியை உருவாக்கியது. பயிற்சியாளர் ஹிரோபூமி தைமாட்சு. பகலில் மில் வேலை, அது முடிந்ததும் நடுராத்திரியைத் தொடும் பயிற்சி. அந்தப் பயிற்சியின் கடுமை இன்றைக்கும் விவாதிக்கப்படும் விஷயம், அதை நான் கொண்டாடச் சொல்லலை.

ஆனால் விளைவைப் பாருங்க. 1959-ல் இருந்து 1966 வரை அந்த அணி தொடர்ந்து 258 ஆட்டங்களில் வென்றது. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸில் தங்கம் வென்ற ஜப்பான் அணியில் பெரும்பாலானவர்கள் இந்த ஒரே மில்லின் ஊழியர்கள்.

இதோட பொருளாதாரத்தைக் கவனிங்க. வீராங்கனைக்குச் சம்பளம் டிக்கெட்டில் இருந்து வரவில்லை, டிவியில் இருந்தும் வரவில்லை. கம்பெனியின் சம்பளப் பட்டியலில் இருந்து வந்தது. விளையாட்டு லாபம் காட்டணும்ங்கிற அழுத்தமே கிடையாது. கம்பெனிக்குப் பேர், பெண்ணுக்கு மாசச் சம்பளம்.

பிரச்சனை எப்போ வந்தது? கம்பெனிக்குக் கஷ்டம் வந்தப்போ. 1990-களில் ஜப்பான் பொருளாதாரம் சரிந்தது. பெண்கள் கால்பந்து லீகில் நிக்கோ செக்யூரிட்டீஸ் நிறுவனத்தின் அணி 1996, 1997, 1998 என்று தொடர்ந்து மூன்று முறை சாம்பியன். கோப்பையைக் கையில வெச்சுக்கிட்டே அந்த அணி கலைக்கப்பட்டது. தோத்ததால இல்ல, கம்பெனி செலவைக் குறைச்சதால. நிச்சிபோவின் வழி வந்த யூனிட்டிகா வாலிபால் அணியும் 2000-ல் டோரே என்ற வேறு நிறுவனத்துக்குக் கைமாறியது. ஃபுகுஷிமாவில் டோக்கியோ மின்சார நிறுவனம் ஒரு பெண்கள் கால்பந்து அணியை நடத்தியது. 2011 அணு உலை விபத்துக்குப் பிறகு அதுவும் நின்றது, வீராங்கனைகளை அடுத்த வருஷம் செண்டாய் நகரக் கிளப் சேர்த்துக்கொண்டது.

நம்ம பெல்ட்டிலும் இதுக்கு ஒரு நிழல் இருக்கு. நோக்கியா ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கியது. 2014 நவம்பரில் நிறுத்தியது. எட்டே வருஷம். நோக்கியா பேரில் ஒரு பெண்கள் அணி இருந்திருந்தா, அசெம்பிளி லைன் நின்ன அன்னைக்கே அதுவும் நின்னிருக்கும். ஒரே முதலாளியின் தயவில் இருக்கும் சம்பளம், அந்த முதலாளியின் ஆயுசு வரைக்கும்தான்.

ரயில்வே கொடுத்த ஆயுள் காப்பீடு

அப்போ மூட முடியாத கம்பெனியா இருந்தா? இந்தியா கண்ட வழி அதுதான்.

இந்திய மகளிர் கிரிக்கெட் சங்கம் 1973-ல் உருவானது. முதல் டெஸ்ட் 1976-ல், பெங்களூரில். கேப்டன் சாந்தா ரங்கசாமி. அந்தத் தலைமுறை ரயிலில் அன்ரிசர்வ்டு பெட்டியில் பயணம் செய்து போட்டிக்குப் போனவர்கள். அந்த ரயில்வேதான் பிறகு அவர்களுக்குச் சோறு போட்டது. 1980-களில் டயானா எடுல்ஜி போன்றவர்கள் விடாமல் முயன்றதன் பலனாக ரயில்வேயில் பெண் கிரிக்கெட் வீரர்களுக்கு வேலை திறந்தது. அதற்குப் பிறகு உள்நாட்டு மகளிர் கிரிக்கெட்டில் ரயில்வேஸ் அணியை அசைக்க ஆளில்லை. மித்தாலி ராஜ் ரயில்வே. ஹர்மன்ப்ரீத் கவுர் ரயில்வேயில் வேலை பார்த்தவர். 2013-ல் உலகக் கோப்பையில் சதம் அடித்த முதல் இந்தியப் பெண்ணான நம்ம சென்னை திருஷ்காமினியும் ரயில்வேஸுக்கு ஆடியவர்.

மற்ற பக்கம் எப்படி இருந்தது? 2005 உலகக் கோப்பையில் இறுதிப் போட்டி வரை போன அணிக்கு மேட்சுக்கு 1,000 ரூபாய் கிடைத்ததாக மித்தாலி ராஜே பேட்டியில் சொல்லியிருக்கிறார். 2006-ல் பி.சி.சி.ஐ. மகளிர் கிரிக்கெட்டைத் தன் கீழ் எடுத்துக்கொண்டது. ஆனால் பெண்களுக்கு முதல் ஆண்டு ஒப்பந்தம் வந்தது 2015-ல்தான். நடுவில் ஒன்பது வருஷம். உலகின் பணக்கார கிரிக்கெட் வாரியம் ஒப்பந்தம் கொடுக்காத அந்த ஒன்பது வருஷமும் பலரோட வீட்டில் அடுப்பு எரிந்தது ரயில்வே சம்பளத்தில்தான்.

ரயில்வே வேலையில் இன்னொரு விஷயம் இருக்கு. முட்டி போனாலும் வேலை போகாது. முப்பது வயசுல ஆட்டம் முடிஞ்சாலும் அறுபது வரைக்கும் சம்பளம். பெண்கள் விளையாட்டில் இந்தியா கண்டுபிடித்த மிக நீடித்த சம்பளத் திட்டம் இதுதான்னு நான் நினைக்கிறேன். தமிழ்நாடு போலீஸும் அதே மாதிரிதான். இந்தியக் கால்பந்து அணிக்கு ஆடிய கடலூர் இந்துமதி கதிரேசன் சப்-இன்ஸ்பெக்டர். கொரோனா ஊரடங்கில் பூட்ஸைக் கழற்றி வெச்சுட்டு சென்னைத் தெருவில் டியூட்டி பார்த்தவர்.

குறையும் இருக்கு. இந்த வேலை, ஏற்கெனவே ஜெயிச்சவங்களுக்குத்தான் கிடைக்கும். மெடல் வாங்குற வரைக்கும் யார் சாப்பாடு போடறது? அதோட, அது விளையாட்டுக்கான சம்பளம் இல்ல, பதவிக்கான சம்பளம். ஆட்டம் எவ்வளவு வளர்ந்தாலும் அந்த வளர்ச்சியில் பங்கு வராது.

மதுரை ஜெயிச்சது, ஆனா...

2019 மே 22, லூதியானா. இந்திய மகளிர் லீக் கால்பந்து இறுதிப் போட்டி. மதுரையின் சேது எஃப்.சி. 3-1 என்று ஜெயித்து இந்தியாவின் சாம்பியன் ஆனது. தமிழ்நாட்டு கிளப் ஒண்ணு தேசிய லீகை ஜெயிச்சது. உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்?

எதிரணி யாருன்னு பாருங்க: மணிப்பூர் போலீஸ். ஒரு பக்கம் தனியார் கிளப், மறுபக்கம் அரசாங்கச் சம்பளப் பட்டியல். இந்தியப் பெண்கள் கால்பந்தின் முழுக் கதையும் அந்த ஒரு மேட்சில் இருக்கு.

அந்த லீக் மொத்தமாக நடந்தது மூன்று வாரத்துக்கும் குறைவு. மூணு வாரத் திருவிழாவை வெச்சு பன்னிரண்டு மாசச் சம்பளம் எப்படிக் கொடுக்க முடியும்? 2023-24 சீசனில்தான் ஏழு அணிகள் தங்கள் ஊரிலும் எதிரணி ஊரிலும் ஆடும் முறை வந்தது, அணிக்கு 12 மேட்ச். அதையொட்டி அகில இந்திய கால்பந்து சம்மேளனம் ஒரு விதியைக் கொண்டுவந்தது: ஒவ்வொரு கிளப்பும் குறைந்தது 10 இந்திய வீராங்கனைகளுக்கு ஆண்டுக்கு 3.2 லட்சம் ரூபாயாவது கொடுக்க வேண்டும். பன்னிரண்டால வகுத்தா மாசம் சுமார் 26,700 ரூபாய்.

தொகை சின்னதா தெரியலாம். ஆனா எனக்கு இதில் பிடிச்சது தொகை இல்ல, 'குறைந்தது' என்ற வார்த்தை. தயவா இருந்தது விதியா மாறுது. கிளப் முதலாளி நல்லவரா இல்லையாங்கிறது இனிமே கேள்வி இல்ல. அதே நேரம், விதி போட்டா மட்டும் காசு வந்துடாது. 12 மேட்சுக்கு டிவி வருமானம் எவ்வளவு, டிக்கெட் எவ்வளவுன்னு கிளப் கேட்கும். ஆண்கள் லீகான ஐ.எஸ்.எல்.லே உரிம ஒப்பந்தம் முடிகிற குழப்பத்தில் 2025-ல் வழக்கமான நேரத்தில் தொடங்க முடியாமல் போனதை நாம பார்த்தோமே.

கபடியில் இன்னும் மோசம். 2016-ல் புரோ கபடியோடு சேர்த்து மூன்று அணிகள் கொண்ட மகளிர் கபடி சேலஞ்ச் நடந்தது. இறுதிப் போட்டி ஹைதராபாத்தில், ஸ்டார்ம் குவீன்ஸ் 24-23 என்று ஒரே பாயிண்டில் ஜெயித்தது. இதைவிட விறுவிறுப்பான இறுதிப் போட்டி வேணுமா? அடுத்த வருஷம் அந்தத் தொடரே இல்லை. ஆட்டம் நல்லா இருந்தா போதும், காசு தானா வரும்னு யாராவது சொன்னா, இந்த 24-23-ஐச் சொல்லுங்க.

டபிள்யூ.பி.எல். கணக்கு

சரி, காசு வந்த இடத்தைப் பார்ப்போம். 2023 ஜனவரியில் மகளிர் பிரீமியர் லீகின் ஒளிபரப்பு உரிமை ஐந்து வருஷத்துக்கு 951 கோடிக்கு விற்றது. அதே மாதம் ஐந்து அணிகள் மொத்தம் சுமார் 4,670 கோடிக்குப் போயின. முதல் ஏலத்தில் 87 பேருக்கு 59.5 கோடி. ஸ்மிருதி மந்தனாவுக்கு மட்டும் 3.4 கோடி.

வகுத்துப் பாருங்க. ஒளிபரப்பில் வருஷத்துக்கு சுமார் 190 கோடி. வீராங்கனைகளுக்கு சுமார் 60 கோடி. மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கீழே. அதாவது சம்பளம் யாருடைய தர்மமும் இல்லை, ஆட்டம் சம்பாதித்ததுக்குள்ளேயே அடங்குகிறது. பெண்கள் விளையாட்டு நஷ்டம்னு சொல்றவங்க முதல்ல இந்த வகுத்தலைப் போடணும்.

அணி வாங்கியவர்கள் கட்டிய தொகை வேறு கதை. அது எதிர்காலத்தின் மேல் வைத்த பந்தயம். பந்தயம் தோத்தா என்ன ஆகும்? அமெரிக்காவில் 2001-ல் தொடங்கிய பெண்கள் கால்பந்து லீக் ஐந்து வருஷத்துக்கு வைத்திருந்த 4 கோடி டாலரை முதல் வருஷத்திலேயே செலவழித்தது. 2003 செப்டம்பரில், உலகக் கோப்பைக்கு ஐந்து நாள் முன்னாடி, மூடப்பட்டது. அடுத்த லீக் மூணு சீசன் தாண்டவில்லை. மூன்றாவது முயற்சி 2013-ல். இந்த முறை தேசிய அணி வீராங்கனைகளின் சம்பளத்தை அமெரிக்க, கனடா, மெக்சிகோ கால்பந்துச் சங்கங்கள் ஏற்றன. மற்றவர்களுக்குக் குறைந்தபட்சம் சீசனுக்கு வெறும் 6,000 டாலர். பத்து வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றது. 2023-ல் நான்கு வருஷ ஒளிபரப்புக்கு 24 கோடி டாலர் வந்தது. அந்தப் பத்து வருஷத்தைக் குறைந்த சம்பளத்தில் சுமந்தது வீராங்கனைகள்தான், அதையும் சொல்லணும்.

நம்ம ஊர் நிலைமை? டபிள்யூ.பி.எல்.லில் சென்னைக்கு அணியே இல்லை. தமிழ்நாட்டின் ஜி.கமலினியை 16 வயதில் மும்பை 1.6 கோடிக்கு எடுத்தது, சந்தோஷம். ஆனா அது ஒரு விளையாட்டின் உச்சி. கபடி, வாலிபால், கால்பந்து ஆடும் பெண்ணுக்கு அந்த ஏணியில் முதல் படியே கிடையாது.

காசு ஏற்கெனவே இங்க இருந்துதான் போகுது

2025 செப்டம்பரில் இந்திய கிரிக்கெட் அணியின் ஜெர்சி ஸ்பான்சராக அப்போலோ டயர்ஸ் வந்தது. 2028 மார்ச் வரை 579 கோடி. ஆண்கள், பெண்கள் இரண்டு அணிகளின் ஜெர்சிக்கும் சேர்த்து. அந்த நிறுவனத்துக்கு ஒரகடத்தில் தொழிற்சாலை இருக்கு.

அப்போ இந்த பெல்ட்டில் விளையாட்டுக்குக் காசு இல்லைன்னு சொல்ல முடியாது. காசு இருக்கு, அது மேலே போகுது. ஆடக்கூடிய பெண்களும் இருக்காங்க, விடுதியில் இருக்காங்க. ரெண்டுக்கும் நடுவுலதான் ஒண்ணும் இல்ல.

கம்பெனி அணி ஆரம்பிச்சா தீர்ந்துடுமா? ஜப்பான் கதையைக் கேட்டதுக்கு அப்புறம் நான் அப்படிச் சொல்ல மாட்டேன். இங்க காண்ட்ராக்ட் வேலையில் இருப்பவர்கள் நிறைய. வேலையே நிரந்தரம் இல்லாத இடத்தில் அந்த வேலையை நம்பி விளையாட்டைக் கட்டினா, ரெண்டும் சேர்ந்து விழும். இன்னொண்ணு, பதினெட்டில் இருந்து இருபத்தைந்து வரைக்கும்தான் அசெம்பிளி லைன் ஆள் கேட்குது. உடம்பு நல்லா ஆடுற வயசும் அதேதான். ஒரு பெண்ணோட அதே ஏழு வருஷத்தை ரெண்டு பேரும் கேட்கிறாங்க.

வரலாறு எனக்குச் சொல்லுறது மூணு விஷயம். சம்பளம் ஒரே பாக்கெட்டில் இருந்து வரக் கூடாது. ஒரு கம்பெனிக்குப் பதில் பத்து கம்பெனி சேர்ந்து ஒரு லீகுக்குக் கொடுத்தா, ஒண்ணு போனாலும் ஒன்பது நிற்கும். ரெண்டாவது, குறைந்தபட்சத் தொகையும் ஒப்பந்தக் காலமும் விதியில் எழுதியிருக்கணும். மூணாவது, ஆட்டம் முடிஞ்ச பிறகும் வேலை இருக்கணும். ரயில்வே செஞ்சது அதுதான். தமிழக அரசு வேலைகளில் இருக்கும் 3 சதவீத விளையாட்டு ஒதுக்கீடு போல, தொழிற்சாலை நிரந்தர வேலையிலும் ஒரு கதவு திறந்தா, முட்டியைப் பணயம் வைக்க ஒரு பெண்ணும் அவ வீட்டுல இருக்கிறவங்களும் துணிவாங்க.

2025 நவம்பர் 2-ல் நவி மும்பையில் நம்ம பெண்கள் உலகக் கோப்பையைத் தூக்கினப்போ, பி.சி.சி.ஐ. 51 கோடி பரிசு அறிவித்தது. எல்லோரும் கை தட்டினோம், நானும்தான். ஆனா பரிசு ஒரு நாள் வரும், வாடகை மாசாமாசம் வரும். அடுத்த தடவை ஏதாவது பெண்கள் அணிக்கு இத்தனை கோடின்னு நியூஸ் வந்தா, 'எவ்வளவு'ன்னு கேக்குறதோட நிறுத்தாதீங்க. 'எத்தனை வருஷத்துக்கு, யார் கணக்குல'ன்னும் கேளுங்க.

உங்க ஸ்கூல் டீம்ல நல்லா ஆடி, அப்புறம் வேலைக்குப் போயிட்ட யாராவது இருந்தா, இந்த எபிசோடை அவங்களுக்கு அனுப்புங்க. அடுத்த வாரம் சந்திப்போம்.